பன்னிரண்டாவது இன்னிங்ஸுக்கு ஒன்பது ஆண்டுகள்: கேன்சஸ் சிட்டி ராயல்ஸில் டேட்டன் மூர்

2015 நவம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை இரவு. நியூயார்க்கின் சிட்டி ஃபீல்ட் மைதானம். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் ஐந்தாவது ஆட்டம் 2-2 என்று நின்றபடி, வழக்கமான ஒன்பதைத் தாண்டிப் பன்னிரண்டாவது இன்னிங்ஸுக்குள் நுழைகிறது. எதிரணி நியூயார்க் மெட்ஸ். கேன்சஸ் சிட்டி ராயல்ஸ் கையில் ஏற்கெனவே மூன்று வெற்றிகள். இன்னும் ஒன்று கிடைத்தால் கோப்பை.

முதலில் மட்டையோடு வந்த கேட்சர் (கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் போன்றவர்) சால்வடோர் பெரஸ் ஒரு சிங்கிள் அடித்து முதல் பேஸுக்குப் போனார். அவர் கால் மெதுவானது. அதனால் அவரை உட்காரவைத்துவிட்டு ஜாரட் டைசனை ஓடவிட்டார்கள். டைசன் இரண்டாவது பேஸைத் திருடினார், அதாவது யாரும் அடிக்காமலேயே ஓடிப் பிடித்தார். அடுத்த ஆள் அலெக்ஸ் கார்டன் அவுட் ஆனாலும், அவர் தட்டிய பந்தில் டைசன் மூன்றாவது பேஸுக்கு வந்துவிட்டார். அப்புறம் கிறிஸ்டியன் கொலோன். அந்த ஆண்டு ப்ளேஆஃப் முழுக்க ஒரு தடவைகூட மட்டை பிடிக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். பந்தை இடது பக்கம் தட்டிவிட்டார், டைசன் கடைசி பேஸான ‘வீட்டுக்கு’ ஓடி வந்து சேர்ந்தார், ஒரு ரன், 3-2. பாவ்லோ ஓர்லாண்டோ தட்டிய பந்தை எதிரணி ஃபீல்டர் தவறவிட்டார். அல்சிடெஸ் எஸ்கோபார் டபுள், அதாவது இரண்டு பேஸ் ஓடும் அடி, அடித்தார், 4-2. பேஸ்கள் நிறைந்திருந்தபோது லொரென்ஸோ கெய்ன் இன்னொரு டபுள் அடிக்க, மூன்று பேரும் வீடு வந்தார்கள், 7-2. மெட்ஸ் மட்டை பிடித்த கீழ்ப்பாதியில் வேட் டேவிஸ் பந்து வீசி ஆட்டத்தை முடித்தார். வெற்றி பெற்ற பிட்சர் (பந்து வீசுபவர்) என்று பதிவானது, பத்தாவது, பதினோராவது இன்னிங்ஸ்களை வீசிய லூக் ஹோச்சேவரின் பெயர்.

ஒரு பேஸ்பால் ஜெனரல் மேனேஜருக்கு ஜெயிக்கும் அணியைக் கட்ட எத்தனை ஆண்டு தேவை என்று யாராவது கேட்டால், நான் அவர்களை இந்த இன்னிங்ஸுக்குத்தான் கூட்டிப்போவேன். இதில் ஆடிய ஒவ்வொருவரும் எந்த ஆண்டில், எந்த வழியாக உள்ளே வந்தார்கள் என்று பின்னோக்கிப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். வெறும் எண்ணாகச் சொன்னால் விடை ஒன்பது ஆண்டு. ஆனால் அந்த ஒன்பது எதனால் ஆனது, அதில் எவ்வளவு தவிர்க்க முடியாதது, எவ்வளவு வீணானது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

2006, ஜூன்

பேஸ்பாலில் மைதானத்தில் நின்று ஆட்டத்தை நடத்துபவர் மேனேஜர். யாரை வாங்குவது, யாரை விற்பது, பள்ளி முடித்த எந்தப் பையனை எடுப்பது, இளம் திறமையைத் தேடும் சாரணர்களை (ஸ்கவுட்) எங்கே அனுப்புவது என்றெல்லாம் முடிவு செய்பவர் ஜெனரல் மேனேஜர். டேட்டன் மூர் 39 வயதில் ராயல்ஸின் ஜெனரல் மேனேஜராக 2006 ஜூன் 8 அன்று பொறுப்பேற்றார். அதற்கு முன் அட்லாண்டா பிரேவ்ஸில் சாரணராகச் சேர்ந்து உதவி ஜெனரல் மேனேஜர் வரை வளர்ந்தவர். பிறந்தது கேன்சஸ் மாநிலத்தின் விசிடா. சின்ன வயதிலிருந்தே ராயல்ஸ் ரசிகர். 1985இல் ராயல்ஸ் கோப்பை வென்ற ஏழாவது ஆட்டத்தை, டிக்கெட் இல்லாமல், மைதானத்துக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்து மேட்டில் நின்று பார்த்தவர்.

1985க்குப் பிறகு அந்த அணி ப்ளேஆஃப் பக்கம்கூடப் போகவில்லை. 2002 முதல் 2006 வரையிலான ஐந்து பருவங்களில் நான்கில் 100 அல்லது அதற்கு மேல் தோல்வி. 2005இல் தொடர்ச்சியாக 19 ஆட்டங்கள் தோற்றார்கள். ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம். ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் வரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். வாரக்கணக்கில் ஒரு வெற்றிகூட இல்லாமல் அந்த ஊர் ரசிகர்கள் எப்படித் தாங்கினார்கள் என்று நினைக்கும்போது இப்போதும் மனசு கனக்கிறது.

உரிமையாளர் டேவிட் கிளாஸ், வால்மார்ட்டின் தலைமை நிர்வாகியாக இருந்தவர். சிக்கனக்காரர் என்று பெயர் வாங்கியவர். கேன்சஸ் சிட்டியும் மேஜர் லீக்கின் சின்ன சந்தைகளில் ஒன்று, பெருநகரப் பகுதி முழுவதையும் சேர்த்தாலும் சுமார் 20 லட்சம் பேர். நியூயார்க், பாஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ் அணிகளுக்கு உள்ளூர் தொலைக்காட்சியில் வரும் பணம் இங்கே வராது. பெரிய நட்சத்திரங்களை விலைகொடுத்து வாங்கி ஜெயிக்கும் பாதை தொடக்கத்திலேயே அடைபட்டிருந்தது. திறந்திருந்த பாதை ஒன்றுதான்: பையன்களை எடுத்து வளர்ப்பது.

பையனின் உடம்பு வைத்திருக்கும் கடிகாரம்

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு இந்த இடம் கொஞ்சம் புதிது. ஐபிஎல்லில் ஒரு மெகா ஏலம் நன்றாக அமைந்தால் அடுத்த ஆண்டே கோப்பையைத் தூக்கலாம். பேஸ்பாலில் அப்படி முடியாது. இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும், ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நடந்துவந்த டிராஃப்டில் மோசமாக ஆடிய அணிக்கு முன்வரிசை வாய்ப்பு கிடைக்கும். ஆனால் எடுத்த பையன் அடுத்த நாளே மேஜர் லீக்கில் இறங்கிவிட மாட்டான். ரூக்கி லீக், சிங்கிள் ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று படிப்படியாக மைனர் லீக் ஏணியில் ஏற வேண்டும். 18 வயதில் எடுத்த பையனுக்கு இதற்கே மூன்று நான்கு ஆண்டு ஆகும். 16 வயதில் வெனிசுவேலாவிலோ டொமினிகன் குடியரசிலோ ஒப்பந்தம் செய்த பையனுக்கு ஐந்து ஆண்டு. மேலே வந்த உடனேயும் சரியாக ஆடிவிடுவதில்லை. மேஜர் லீக் பிட்சர்கள் அவனுடைய பலவீனத்தைக் கண்டுபிடிப்பார்கள், அவன் தடுமாறுவான், திருத்திக்கொள்வான். அதற்கு இன்னும் இரண்டு மூன்று ஆண்டு.

எரிக் ஹாஸ்மரை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 டிராஃப்டில் மூன்றாவது தேர்வு. கையெழுத்துக்கு மட்டும் 60 லட்சம் டாலர். மைனர் லீக்கில் 2009 முழுக்கத் திணறினார். பார்வையில் கோளாறு என்று தெரிந்து, லேசர் சிகிச்சை செய்துகொண்டபின் 2010இல் மட்டை பேசத் தொடங்கியது. 2011 மே மாதம் மேஜர் லீக்குக்கு வந்தார். 2012இல் மறுபடி சரிவு, மட்டைச் சராசரி .232 (ஆயிரம் வாய்ப்பில் 232 ஹிட்). 2013இல்தான் .302க்கு வந்து நிலைத்தார். எடுத்ததிலிருந்து ஐந்து ஆண்டு.

மைக் மூஸ்டாகஸ் 2007 டிராஃப்டில் இரண்டாவது தேர்வு. மேஜர் லீக்கில் அறிமுகம் 2011. 2014 மே மாதம் சராசரி .152 என்று வற்றிப்போய், ஒமாஹாவில் இருக்கும் டிரிபிள் ஏ அணிக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். 2015இல் ஆல்-ஸ்டார், அதாவது அந்த ஆண்டின் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வு. எடுத்ததிலிருந்து எட்டு ஆண்டு.

பெரஸ் 2006இல் வெனிசுவேலாவில் 65,000 டாலருக்கு ஒப்பந்தமானவர், அப்போது வயது 16. மூர் பதவிக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மேஜர் லீக் அறிமுகம் 2011 ஆகஸ்ட். அந்த 2015 இரவில் வேர்ல்ட் சீரிஸின் சிறந்த வீரர் விருது அவர் கையில்.

இந்த மூன்று பேரையும் பார்த்தால் ஒன்று புலப்படும். எந்த ஜெனரல் மேனேஜராலும் 17 வயதை 25 வயதாக்கும் வேலையை அவசரப்படுத்த முடியாது. வளர்த்து ஜெயிக்கும் பாதையில் ஏழெட்டு ஆண்டு என்பது அந்தப் பையனின் எலும்பும் கண்ணும் மனசும் கேட்கிற காலம். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரின் திறமை அந்தக் காலத்தைக் குறைக்காது. எந்தப் பையனை எடுத்தோம், அவன் தடுமாறும்போது என்ன செய்தோம் என்பதில்தான் அந்தத் திறமை தெரியும்.

இதைத்தான் மூர் திரும்பத் திரும்ப ‘ப்ராசஸ்’ என்று சொன்னார். அணி தோற்கத் தோற்க அந்தச் சொல் கேன்சஸ் சிட்டியில் கேலிச்சொல்லாக மாறியது. 2007இல் 93 தோல்வி, 2008இல் 87, 2009இல் 97, 2010இல் 95, 2011இல் 91, 2012இல் 90. ஆறு முழுப் பருவம், ஒன்றில்கூடப் பாதி ஆட்டத்தை ஜெயிக்கவில்லை. புள்ளிப்பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது தோற்றுப்போன நிர்வாகம். ஆனால் 2011 தொடக்கத்தில் ‘பேஸ்பால் அமெரிக்கா’ இதழ் வெளியிட்ட நாட்டின் தலைசிறந்த 100 இளம் வீரர்கள் பட்டியலில் ராயல்ஸின் பையன்கள் ஒன்பது பேர். அதற்கு முன் எந்த அணிக்கும் அப்படி அமைந்ததில்லை. மேலே தோல்வி, கீழே விளைச்சல், இரண்டும் ஒரே அணியில் ஒரே நேரத்தில் இருந்தன.

வீணான ஆண்டுகள்

மூரைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அது நேர்மையாக இருக்காது. அந்த ஒன்பது ஆண்டுகளில் குறைந்தது இரண்டு அவருடைய தவறுகளால் போனவை என்றே நான் நினைக்கிறேன்.

2007 டிராஃப்டில் மூஸ்டாகஸை எடுத்த பிறகு, பத்தாவது தேர்வாக சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் எடுத்த பையன் மேடிசன் பம்கார்னர். 2008இல் ஹாஸ்மருக்கு இரண்டு இடம் தள்ளி அதே ஜயன்ட்ஸ் எடுத்தவர் கேட்சர் பஸ்டர் போஸி. இந்த இரண்டு பெயர்களும் 2014இல் மறுபடி வரும். ஹாஸ்மரும் மூஸ்டாகஸும் கடைசியில் தேறினார்கள், அதனால் இதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2011இல் ஐந்தாவது தேர்வாக எடுத்த பப்பா ஸ்டார்லிங் விஷயம் வேறு. கேன்சஸ் மண்ணின் பையன், பல விளையாட்டுகளில் கில்லி, கையெழுத்துக்கு 75 லட்சம் டாலர். மேஜர் லீக்கில் கால் வைக்கவே 2019 ஆகிவிட்டது. அவருக்கு அடுத்து ஆறாவதாகப் போனவர் ஆன்டனி ரெண்டன், எட்டாவதாகப் போனவர் ஃபிரான்சிஸ்கோ லிண்டோர். இருவருமே பின்னால் நட்சத்திரங்கள்.

இடையில் பெரியவர்களுக்கும் பணம் கொடுத்துப் பார்த்தார். 2007 டிசம்பரில் ஹோஸே கிய்யேனுக்கு மூன்று ஆண்டு, 3.6 கோடி டாலர். அதில் ராயல்ஸுக்குக் கிடைத்தது அதிகமில்லை. அதற்கு ஓராண்டு முன் பிட்சர் கில் மேஷுக்கு ஐந்து ஆண்டு, 5.5 கோடி டாலர். மேஷ் விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தோள் கெட்டு இனி வீச முடியாது என்று ஆனதும், 2011 ஜனவரியில் அவர் ஓய்வு அறிவித்தார். கடைசி ஆண்டுச் சம்பளமான சுமார் 1.2 கோடி டாலரை, பெஞ்சில் உட்கார்ந்தபடியே வாங்கியிருக்கலாம். உழைக்காத பணம் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனார். தொழில்முறை விளையாட்டில் இப்படி ஒரு மனிதரைப் பார்ப்பது அபூர்வம்.

மேனேஜர் நியமனமும் முதலில் சறுக்கியது. 2008இல் கொண்டுவந்த ட்ரே ஹில்மன் 2010 மே மாதம் நீக்கப்பட்டார். பதிலுக்கு வந்தவர் நெட் யோஸ்ட். 2008இல் ப்ளேஆஃபை நோக்கிப் போய்க்கொண்டிருந்த மில்வாக்கி அணி, பருவம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது வேலையை விட்டு அனுப்பிய ஆள்.

இவ்வளவுக்கும் நடுவில் டேவிட் கிளாஸ் மூரை நீக்கவில்லை. 97 தோல்வியில் முடிந்த 2009 பருவத்திலேயே ஒப்பந்தத்தை 2014 வரை நீட்டித்தார். அந்த நீட்டிப்பு இல்லையென்றால் 2011இலோ 2012இலோ புதிதாக ஒருவர் வந்திருப்பார். புதிதாக வருபவர் பழையவர் வளர்த்த பையன்களைப் பாதியில் விற்பது வழக்கம். அப்போது ஹாஸ்மரும் மூஸ்டாகஸும் வேறு ஏதோ ஊரில் தேறியிருப்பார்கள். கிளாஸைப் பற்றி ரசிகர்களுக்கு எத்தனையோ குறை உண்டு, பல நியாயமானவையும்கூட. இந்த ஒரு பொறுமைக்காக நான் அவருக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

இரண்டு பேரங்கள்

ஜாக் கிரெங்கி 2002இல் டிராஃப்டில் எடுக்கப்பட்டவர். எடுத்தது மூர் இல்லை, முந்தைய ஜெனரல் மேனேஜர் ஆலார்ட் பெயர்ட். 2006இல் மனப்பதற்றத்தால் ஆட்டத்தையே விட்டு விலகிப் போனவருக்கு அணி நேரம் கொடுத்தது. திரும்பி வந்தவர் 2009இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். ஆனால் தோற்கும் அணியில் காத்திருக்க அவருக்கு மனமில்லை. 2010 டிசம்பரில் மூர் அவரை மில்வாக்கிக்கு அனுப்பிவிட்டு நான்கு இளைஞர்களை வாங்கினார். அவர்களில் இருவர் எஸ்கோபாரும் கெய்னும். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் நாம் பார்த்த இரண்டு டபுள்களும் இவர்களுடையவை.

ஆக, அந்த இன்னிங்ஸின் ஒரு வேர் 2002க்குப் போகிறது. இரண்டாவது பேஸிலிருந்து டைசனை நகர்த்திய அலெக்ஸ் கார்டன் 2005 டிராஃப்டில் இரண்டாவது தேர்வு, அவரும் பெயர்ட் எடுத்தவரே. மூன்றாவது பேஸ் ஃபீல்டராகத் தோற்ற அவரை 2010இல் ஒமாஹாவுக்கு அனுப்பி இடது ஃபீல்டராக மாற்றினார்கள். அடுத்த ஆண்டிலிருந்து தொடர்ச்சியாக நான்கு கோல்டு கிளவ், சிறந்த ஃபீல்டருக்கான விருது. விதை பெயர்டுடையது, தண்ணீர் மூருடையது.

இரண்டாவது பேரம் 2012 டிசம்பரில். வில் மையர்ஸ் என்ற அருமையான இளைஞரையும் ஜேக் ஒடோரிஸியையும் இன்னும் இருவரையும் டாம்பா பேவுக்குக் கொடுத்து, ஜேம்ஸ் ஷீல்ட்ஸ், வேட் டேவிஸ் என்ற இரண்டு பிட்சர்களை வாங்கினார். ஷீல்ட்ஸின் ஒப்பந்தத்தில் மிச்சமிருந்தது இரண்டே ஆண்டு. ஆறு ஆண்டுக்கு மலிவுச் சம்பளத்தில் ஆடக்கூடிய மையர்ஸை இரண்டு ஆண்டு பிட்சருக்குக் கொடுப்பதா என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள். மையர்ஸ் 2013இல் அமெரிக்கன் லீக்கின் (மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) சிறந்த புதுமுகம் ஆனார், கொதிப்பு இன்னும் ஏறியது.

எனக்கு இந்தப் பேரத்தில் பிடித்தது அதன் நேரம். பெரஸ், ஹாஸ்மர், மூஸ்டாகஸ் எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள். மேஜர் லீக்கில் ஒரு வீரர் ஆறு ஆண்டு சேவை முடித்ததும் எந்த அணிக்கும் போகலாம். முதல் மூன்று ஆண்டு கிட்டத்தட்ட அடிப்படைச் சம்பளம், அடுத்த மூன்று ஆண்டு நடுவர் தீர்ப்பை வைத்துப் பேசி முடிக்கும் சம்பளம், அப்புறம் சந்தை. அதாவது அந்தப் பையன்கள் வந்த அன்றே அவர்கள் போகும் தேதியும் எழுதப்பட்டுவிட்டது: 2017. அதற்குள் ஜெயிக்க வேண்டும். சேர்த்து வைக்கும் காலம் முடிந்து செலவழிக்கும் காலம் வந்துவிட்டது என்பதை மூர் சரியான குளிர்காலத்தில் உணர்ந்தார். அடுத்த பருவமே 86 வெற்றி.

டேவிஸ் 2013இல் தொடக்கப் பிட்சராகச் சொதப்பினார், ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன் சராசரி 5.32. மறு ஆண்டு கடைசி இன்னிங்ஸ்களை வீசும் வேலைக்கு மாற்றினார்கள். 72 இன்னிங்ஸ், சராசரி 1.00, ஒரு ஹோம் ரன்கூடக் கொடுக்கவில்லை.

செப்டம்பர் 30, 2014

29 ஆண்டு கழித்து முதல் ப்ளேஆஃப் ஆட்டம். எதிரணி ஓக்லண்ட். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய ஒற்றை ஆட்டம். ஆறாவது இன்னிங்ஸில் யோஸ்ட், ஷீல்ட்ஸை எடுத்துவிட்டு, இரண்டு நாள் முன்புதான் தொடக்கப் பிட்சராக வீசியிருந்த இளம் பிட்சர் யோர்டானோ வென்ச்சூராவைக் கொண்டுவந்தார். பிராண்டன் மாஸ் அடித்த பந்து வேலிக்கு வெளியே போனது. அரங்கமே யோஸ்டைப் பார்த்துக் கூச்சலிட்டது. எட்டாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது 7-3, ஓக்லண்ட் முன்னிலை. வீசிக்கொண்டிருந்தவர் ஜான் லெஸ்டர்.

அப்போது ராயல்ஸ் ஓடத் தொடங்கினார்கள். அந்த இரவில் மட்டும் ஏழு பேஸ் திருட்டு. எட்டாவதில் மூன்று ரன். ஒன்பதாவதில் டைசன் மாற்று ஓட்டக்காரராக வந்து, இரண்டாவது பேஸிலிருந்து மூன்றாவதைத் திருடினார். அடுத்து உயர்ந்த ஒரு பந்து, பிடிபட்டதும் அவர் வீடு வந்து சேர்ந்தார், 7-7. பன்னிரண்டாவதில் ஓக்லண்ட் 8-7. கீழ்ப்பாதியில் ஹாஸ்மர் சுவரில் அடித்து மூன்றாவது பேஸ் வரை ஓடினார். கொலோன் தரையில் குதித்த பந்து ஒன்றைத் தட்டி அவரைக் கொண்டுவந்தார், அப்புறம் இரண்டாவது பேஸைத் திருடினார். அதுவரை ஐந்து தடவை வந்து ஒன்றும் செய்யாத பெரஸ், வெளியே போன பந்தை எட்டிப் பிடுங்குவதுபோல அடித்தார். மூன்றாவது பேஸ் ஓரம் பாய்ந்த ஃபீல்டரைத் தாண்டி அது கோட்டை ஒட்டி ஓடியது. 9-8.

டைசன் யார் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். 2006 டிராஃப்டின் 50ஆவது சுற்றில், அதாவது கடைசிச் சுற்றில் எடுக்கப்பட்டவர். பெரும்பாலான அணிகள் அந்தச் சுற்றை ஒப்புக்கு நடத்தும். கால் மட்டும் வேகமாக இருந்த அந்தப் பையனை எட்டு ஆண்டு வைத்திருந்ததால் கிடைத்த ரன் அது.

அதன்பின் ஏஞ்சல்ஸை மூன்றுக்குச் சுழியம், பால்டிமோரை நான்குக்குச் சுழியம் என்று ஜெயித்து வேர்ல்ட் சீரிஸுக்குப் போனார்கள். எதிரே சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ். ஏழாவது ஆட்டம் 3-2 என ஜயன்ட்ஸ் பக்கம். கடைசி ஐந்து இன்னிங்ஸை வீசியவர் பம்கார்னர், பின்னால் உட்கார்ந்து பிடித்தவர் போஸி. இரண்டு அவுட் ஆன நிலையில் கார்டன் மூன்றாவது பேஸில் நின்றார். பெரஸ் அடித்த பந்து மேலே எழும்பி ஃபீல்டர் கையில் விழுந்தது. மூன்றாவது பேஸிலிருந்து வீட்டுக்கு இருக்கும் 90 அடி தூரத்தில் ஒரு பருவம் முடிந்தது.

ஒன்பதாவது ஆண்டு

2015 பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஷீல்ட்ஸ் போனார், அணி குலையவில்லை. 95 வெற்றி, பிரிவில் இரண்டாவது அணியைவிட 12 ஆட்டம் முன்னால். ஜூலையில் மூர் மறுபடி சேமிப்பில் கைவைத்தார். ஜானி குவேட்டோவுக்கும் பென் ஸோப்ரிஸ்டுக்கும் இளம் பிட்சர்கள் பலரைக் கொடுத்தார். வேர்ல்ட் சீரிஸின் இரண்டாவது ஆட்டத்தில் குவேட்டோ ஒன்பது இன்னிங்ஸும் தானே வீசி, இரண்டே ஹிட் கொடுத்து ஜெயித்தார்.

சரி, ஐந்தாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸ். மெட்ஸ் 2-1 முன்னிலை, மூன்றாவது பேஸில் ஹாஸ்மர். பெரஸ் தட்டிய பந்து மூன்றாவது பேஸ்காரர் டேவிட் ரைட் கையில். ரைட் ஹாஸ்மரை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதல் பேஸுக்கு எறிகிறார். பந்து கையை விட்ட கணத்தில் ஹாஸ்மர் வீட்டை நோக்கிப் பாய்கிறார். முதல் பேஸில் இருந்த லூக்காஸ் டூடா சரியாக எறிந்திருந்தால் ஹாஸ்மர் அவுட், தொடர் ஆறாவது ஆட்டத்துக்குப் போயிருக்கும். டூடாவின் எறி கேட்சரை விட்டு விலகிப் போனது. 2-2. டூடாவின் கை நம்பகமானது இல்லை என்று ராயல்ஸின் சாரணர்கள் முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். ஊர் ஊராகச் சுற்றிக் குறிப்பெழுதும் அந்த மனிதர்களுக்குத்தான் மூர் வந்த நாளிலிருந்து அதிகம் செலவழித்தார்.

பன்னிரண்டாவதில் கொலோன் தட்டியது வெற்றி ரன். 2010 டிராஃப்டில் நான்காவது தேர்வு, நட்சத்திரம் ஆகாதவர். ஓர்லாண்டோ 2008இல் ஒரு சின்னப் பேரத்தில் வந்த பிரேசில்காரர், மைனர் லீக்கிலேயே இருந்து 29 வயதில் மேலே வந்தவர். ஹோச்சேவர் 2006 டிராஃப்டின் முதல் தேர்வு. மூர் நியமனம் அறிவிக்கப்பட்டு, பொறுப்பேற்காமல் இருந்த இடைப்பட்ட நாளில் எடுக்கப்பட்டவர். ஏழாவதாகப் போய்ப் பின்னால் பெரிய நட்சத்திரப் பிட்சரான கிளேட்டன் கெர்ஷாவை விட்டுவிட்டு இவரை எடுத்தார்கள் என்று பல ஆண்டு பேச்சு வாங்கினார். தொடக்கப் பிட்சராகத் தோற்று, முழங்கை அறுவை முடித்து, ரிலீவராக, அதாவது இடையில் இறங்கும் பிட்சராக, திரும்பி வந்து அந்த இரவின் வெற்றியை வாங்கினார்.

மற்றவர்களின் கணக்கு

தியோ எப்ஸ்டைன் 2011 அக்டோபரில் சிகாகோ கப்ஸுக்கு வந்து 2016இல் கோப்பை வாங்கினார், ஐந்து ஆண்டு. ஆனால் அவரால் லெஸ்டருக்கு 15.5 கோடி டாலர் கொடுக்க முடிந்தது, சிகாகோ பெரிய சந்தை. கிரிஸ் பிரையன்ட் போன்ற கல்லூரி வீரர்களை எடுத்ததால் காத்திருப்பும் குறைந்தது. அதே எப்ஸ்டைன் பாஸ்டனில் இரண்டே ஆண்டில் ஜெயித்தார், ஏனென்றால் அங்கே அவர் வந்தபோதே நல்ல அணி இருந்தது. ஹூஸ்டனில் ஜெஃப் லுனோவுக்கு 2011 டிசம்பரிலிருந்து 2017 வரை ஆறு ஆண்டு. 2013இல் 111 தோல்வியும் தாங்கினார்கள். ஆனால் ஹோஸே அல்டுவேயும் ஜார்ஜ் ஸ்ப்ரிங்கரும் டல்லஸ் கைக்கலும் லுனோ வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள். 2017 அணி, எதிரணி கேட்சர் தன் பிட்சருக்குக் காட்டும் சைகைகளைத் திருடியதும் பின்னால் வெளிவந்து, 2020இல் அவர் வேலை இழந்தார். அந்த ஆறு ஆண்டை நான் அளவுகோலாக எடுத்துக்கொள்ளத் தயாரில்லை.

என் கணக்கு இப்படி. பணம் இருக்கும் ஊரில் ஐந்து. பணம் இல்லாத ஊரில், தவறுகள் குறைவாக இருந்தால் ஏழு, மூர் செய்த அளவுக்குத் தவறினால் ஒன்பது. முதல் நான்கைந்து ஆண்டில் வெற்றி தோல்வியை வைத்து ஒருவரைத் தீர்ப்பிடக் கூடாது. அவர் எடுத்த பையன்கள் டபுள் ஏ-யில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அங்கேயும் ஒன்றும் இல்லையென்றால் ஐந்தாவது ஆண்டில் அனுப்பிவிடலாம்.

அதற்குப் பிறகு

2017 ஜனவரியில் வென்ச்சூரா டொமினிகன் குடியரசில் கார் விபத்தில் இறந்தார். வயது 25. அந்த ஆண்டு இறுதியில் எழுதப்பட்டிருந்த தேதி வந்தது. ஹாஸ்மர், கெய்ன், மூஸ்டாகஸ், எஸ்கோபார் நால்வரின் ஒப்பந்தமும் ஒரே சமயத்தில் முடிந்தது. ஹாஸ்மர் 14.4 கோடி டாலருக்கு சான் டியாகோ போனார். ராயல்ஸுக்கு 2018இல் 104 தோல்வி, 2019இல் 103.

மூர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். 2018 டிராஃப்டில் கல்லூரிப் பிட்சர்களாக எடுத்துக் குவித்தார். அவர்கள் எதிர்பார்த்தபடி தேறவில்லை. 2019இல் இரண்டாவது தேர்வாக பாபி விட் ஜூனியர் என்ற பள்ளிப் பையனை எடுத்தார். அந்த ஆண்டு இறுதியில் அணி ஜான் ஷெர்மன் கைக்கு மாறியது. சில வாரங்களில் டேவிட் கிளாஸும் காலமானார். விட் மேஜர் லீக்குக்கு வந்த முதல் பருவம் முடிவதற்குள், 2022 செப்டம்பர் 21 அன்று, ஷெர்மன் மூரை நீக்கினார். தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பார்த்துட்டுச் சாவான் என்று ஊரில் சொல்வார்கள். முதல் தடவை மூர் வைத்தது தென்னை. இரண்டாவது தடவை பனை.

அந்த நீக்கம் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டாவது முயற்சியில் பிட்சர்களை வளர்க்கும் வேலை உண்மையிலேயே பழுதாகியிருந்தது, என் சொந்த அளவுகோலே அவருக்கு எதிராக நின்றது. அடுத்து வந்தவர் ஜே. ஜே. பிக்கோலோ, மூரிடமே வேலை கற்றவர். 2023இல் 106 தோல்வி. 2024இல் 86 வெற்றி, 2015க்குப் பிறகு முதல் ப்ளேஆஃப். மட்டையோடு முன்னால் நின்றவர் விட். அந்த அணியின் கேப்டன், 2006இல் 65,000 டாலருக்கு வந்த வெனிசுவேலாப் பையன் சால்வடோர் பெரஸ். அப்போது வயது 34.